பிறந்தநாள் கொண்டாடிய சபை

நவம்பர் 1, வெள்ளி

இன்று எனக்கு நாற்பத்து நான்கு வயது நிறைந்தது. இந்த வருடத்தில் இது நான்காவது தடவை.

பின்னால் யாராவது இந்த டைரியைப் படித்துக் குழம்பக்கூடாது என்பதற்காக விளக்கி வைக்கிறேன். நாட்டின் பெயரை எழுதமாட்டேன். மணல், எண்ணெய், எங்கு பார்த்தாலும் ஏசி, அவ்வளவு போதும். இங்கே ஒரு மதத்துக்குத்தான் வழிபாடு உண்டு. மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேராய் முழங்கால் போட்டாலும் குற்றம். அதைக் கண்டுபிடிக்கவே மதக் காவலர்கள் என்று தனிப்படை இருக்கிறது. பிடித்தால் லாக்கப், சவுக்கடி, பிறகு ஊருக்கு விமானம். ஆகவே நாங்கள் ஜெபக்கூட்டம் நடத்துவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். நாங்கள் பதினோரு பேர்தான், வெள்ளிக்கிழமைகளோ வருடம் முழுக்க வருகின்றன. அதனால் எல்லோருக்கும் வயது சற்று வேகமாகவே ஏறுகிறது.

கூட்டம் நடப்பது ஞானதிரவியம் அண்ணாச்சியின் மூன்றாம் மாடி வீட்டில். சாயர்புரத்துக்காரர், ஜெனரேட்டர் ஆப்பரேட்டர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். பிரசங்கம், பாட்டு, ஜெபம் எல்லாம் அவரே. பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்பதால் ஒருவர் அடுப்பங்கரையில் மிக்ஸியை ஓட்ட வேண்டும். அந்த ஒருவர் நான். முதல் வாரம் ஒரே ஒரு பாட்டு பாடினேன்.

"எல பிச்ச, நீ மிக்ஸி ஓட்டுததுதாம்ல நல்லது. ஆண்டவருக்கும் அதுதான் பிரியமா இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

என் முழுப்பெயர் தேவபிச்சை. கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எனக்கு இந்த பக்தி விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. மட்டனுக்காகப் போகிறேன்.

நவம்பர் 4, திங்கள்

ஸ்டோரில் தூசி. தொண்டை கட்டிவிட்டது. புற்றுநோயாக இருக்கலாம்.

அறைத் தோழன் மகுதூம் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தான். காயல்பட்டினத்துக்காரன், கம்பெனி மெஸ்ஸில் சமையல், மூன்று பெண் குழந்தைகளின் வாப்பா. மூன்று வருடமாக ஒரே அறை. விடியற்காலைத் தொழுகைக்கு அவன் வைக்கிற அலாரத்தில் நான் எழுந்து உட்காருவேன், அவன் தூங்குவான். நான்தான் அவனை உலுக்கி எழுப்ப வேண்டும். ஐந்து வேளையும் தவறாதவன் என்று அவனுக்குப் பெயர். அதில் ஒரு வேளை என் கணக்கில் சேர வேண்டியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு நேராக அண்ணாச்சி வீட்டுக்கு வந்து எங்களுக்குப் பிரியாணி தம் போடுவான். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வான். பிரசங்கம் அவனுக்கு முழுசாகக் கேட்கும். எனக்கு மிக்ஸி மட்டும்தான் கேட்கும். ஆகவே அறைக்கு வந்ததும் அவன்தான் எனக்குச் சுருக்கம் சொல்வான்.

"வே பிச்ச, அண்ணாச்சி இன்னிக்கும் அந்தக் காணாமப்போன ஆட்டத்தான் தேடுதாரு. மூணு வருசமா தேடுதாருவே. இத்தன நாளைக்கி அது கெழடு தட்டியிருக்கும், தம்முக்கு ஆகாது."

நவம்பர் 8, வெள்ளி

பாட்டு அதிகம். ஆகவே சட்னியும் அதிகம். ஆளுக்கு ஒரு டப்பா கட்டிக் கொடுத்தும் மிஞ்சிவிட்டது.

நவம்பர் 15, வெள்ளி

கட்டடக் காவலாளி அபு சாலே, ஏமன்காரர், நல்ல மனிதர். என் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் அத்தர் கொடுத்திருக்கிறார். இன்று படியில் நிறுத்தி, "தேவ், உனக்கு உண்மையில் என்ன வயது?" என்று கேட்டார்.

"எங்கள் நாட்டில் நட்சத்திரப் பிறந்தநாள், தேதிப் பிறந்தநாள், ஆங்கிலப் பிறந்தநாள் என்று தனித்தனியாக உண்டு" என்றேன்.

"நீ இந்த மாதம் கொண்டாடியது அதில் எது?"

"அது அம்மா வழி."

அவர் என் தோளைத் தட்டி, "பக்கத்துத் தெருவில் பிலிப்பைன்காரர்களும் அம்மா வழிதான் கொண்டாடினார்கள். நேற்று வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. கிட்டார் வாசித்தவனுக்கு அடி" என்றார்.

மேலே போய்ச் சொன்னேன். யாருக்கும் பிரியாணி இறங்கவில்லை. எனக்கு இறங்கியது, ஆனால் ருசியில்லை. கொஞ்ச நாளைக்குக் கூட்டம் வேண்டாம் என்று முடிவாயிற்று. "கிறிஸ்மஸு?" என்று அண்ணாச்சி கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது. கடைசியில் டிசம்பர் இருபது, வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு கூட்டம், சத்தமில்லாத பாட்டு, பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் சேர்ந்து அசனம் சாப்பிடுவது என்று பேசிக்கொண்டோம்.

சத்தமில்லாமல் பாட சாயர்புரத்துக்காரர்களால் முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஊரில் இந்நேரம் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். எனக்கு அதிலெல்லாம் ஆசை இல்லை. சும்மா இருந்த நேரத்தில் ஸ்டோரில் மீந்த பாக்கிங் அட்டையில் ஒன்று செய்து, சிவப்புத் தாள் ஒட்டி, உள்ளே சின்ன பல்பு வைத்தேன். வெளியே தொங்கவிட முடியாது. துணி பீரோவுக்குள் தொங்கவிட்டேன். பீரோவைத் திறந்தால் கிறிஸ்மஸ், மூடினால் சாதாரண நாள்.

மகுதூம் தன் சட்டையை எடுக்கத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "கரண்டு வயரு சட்டயில உரசுது. எரிச்சிப்புடாதீரும்வே" என்று சொல்லிவிட்டு, தன் சட்டைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டான்.

டிசம்பர் 12, வியாழன்

கேக்குக்குச் சொல்லியாயிற்று. மேலே என் பெயர். ஐந்தாவது தடவை நான் பிறக்கப்போகிறேன். வீட்டுக்கு போன் பேசினேன். எஸ்தர், "பத்திரமா இருங்க, என்னமும் வம்புல போய் மாட்டிக்கிடாதிய" என்றாள். நானா, வம்பிலா? தும்மல் வந்தாலே லீவு போடுகிறவன்.

டிசம்பர் 20, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எல்லாம் நன்றாகவே முடிந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பாட்டு முடிந்தது. பிரசங்கம் முடிந்தது (ஆடு கிடைத்துவிட்டதாம்). மிக்ஸியை நிறுத்தினேன். அண்ணாச்சி மகுதூமைப் படியிலிருந்து உள்ளே கூப்பிட்டார். "வந்து பரிமாறும். எல்லாந்தான் முடிஞ்சிட்டே, இனி என்ன பயம்" என்றார்.

எல்லாம் முடியவில்லை. சாப்பாட்டு ஜெபம் பாக்கி இருந்தது.

எங்கள் ஆட்கள் ஜெபம் பண்ணாமல் ஒரு பருக்கையைத் தொடமாட்டார்கள். அதுவும் அண்ணாச்சி சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பண்ணுவார். வியாதியஸ்தர், விதவைகள், பிரயாணத்தில் இருப்பவர்கள், மழை, இந்த நாட்டை ஆளுகிறவர்கள். நாங்கள் தட்டோடு வரிசையாக, தலை குனிந்து, கண்ணை மூடி நின்றோம். நான் மட்டும் கண்ணைத் திறந்து கறித்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முன்னால் அண்டாவுக்குப் பின்னே மகுதூம். ஜும்ஆவுக்குப் போட்ட கால்வரை நீண்ட வெள்ளை அங்கி. அடுப்புச் சூட்டுக்குத் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தான். அண்டாவைப் பிடிக்கச் சிவப்புக்கரைத் துண்டைக் கழுத்தில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தான். ஆமென் வந்தால் உடனே போட வசதியாக வலது கையைத் தூக்கி வைத்திருந்தான்.

உணர்ச்சி மிகுந்தால் அண்ணாச்சிக்குச் சத்தம் கூடும். ஆளுகிறவர்களுக்கு வந்தபோது மாடிப்படி முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். கதவு திறந்துகொண்டது. மதக் காவலர்கள் நாலு பேர். அண்ணாச்சி டக்கென்று நிறுத்திவிட்டார். மூலையில் லுங்கியோடு நின்ற கிழவரை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலை குனிந்த பத்துப் பேரையும், எதிரே வெள்ளை அங்கியில் கை தூக்கி நின்ற ஒருவனையும் பார்த்தார்கள். பெரிய அதிகாரி நேராகப் போய் மகுதூமின் தோளில் கை வைத்தார்.

"பாதிரியார் இவர்தான்" என்றார்.

மகுதூம் வாயைத் திறக்கவே இல்லை. அடையாள அட்டை கேட்டார்கள், அங்கிப் பையைத் தடவிக் காட்டி இல்லை என்று தலையாட்டினான். அட்டை எங்கள் அறையில், கட்டிலுக்கடியில் கிடக்கிற சட்டையில் இருக்கிறது. அதில் மதம் என்ற இடத்தில் முஸ்லிம் என்று இருக்கிறது. மூன்று நாளுக்குள் கம்பெனி ஆள் அட்டையைக் கொண்டுவர வேண்டும், மற்றவர்களை அப்புறம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அவனை அழைத்துப் போனார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "அடுப்ப அணைங்கவே" என்று மட்டும் கண்ணால் சொன்னான்.

எங்களைப் பிடித்தால் அடியும் விமானமும். முஸ்லிம் ஒருவன் மதம் மாறி, அதுவும் பாதிரியாராக நின்றான் என்று எழுதிவிட்டால் இங்கே அதற்குத் தண்டனை தலை.

டிசம்பர் 21, சனி

கம்பெனியின் அரசாங்க வேலைகளைப் பார்க்கிற உஸ்மானைப் போய்ப் பார்த்தோம். சூடான்காரர். கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அவர்களுக்கு ஒரு பாதிரியார் வேண்டும். உண்மையான ஆள் கிடைத்துவிட்டால் சமையல்காரன் வெறும் சமையல்காரன், சோறு போட வந்தவன், நான் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடுவேன். கிடைக்காவிட்டால் நாளை மறுநாள் அந்த அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்."

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "நான் போறேன். நான்தான ஜெபம் பண்ணுனேன்."

"யார் யாரெல்லாம் வந்தாங்கன்னு கேப்பாங்க அண்ணாச்சி" என்றேன்.

"சொல்லணும்லால?"

"மகுதூம் எத்தன நாளா வாராருன்னு கேட்டா?"

"மூணு வருசம்னு சொல்லணும். பொய் சொல்லலாமால?"

இவரை அனுப்பினால் மகுதூமை இவரே தூக்கில் ஏற்றிவிட்டு, அவனுக்காக ஒரு மணி நேரம் ஜெபமும் பண்ணுவார். உட்காரச் சொன்னோம். பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஒருவனுக்கு மனைவி பிள்ளைத்தாச்சி. ஒருவன் வந்தே இரண்டு மாதம். யாரையும் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் மெஸ்ஸில் மகுதூமுக்குப் பதிலாக ஒரு நேபாளி சாம்பார் வைத்திருந்தான். இதை இப்படியே விட்டால் கம்பெனியில் ஒருவரும் உயிரோடு இருக்கமாட்டோம். நாளை நான் போகிறேன். சாம்பார்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

எஸ்தருக்கு போன் பண்ணலாமென்று நினைத்தேன். பண்ணவில்லை. பீரோவைத் திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

காவலில் இருந்து எழுதுகிறேன். டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நம் எழுத்து ஜிலேபி மாதிரி இருந்ததால் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

அதே பெரிய அதிகாரி. நீண்ட தாடி, களைத்த கண்கள், பயங்கர ஜலதோஷம். மேஜை மேல் டிஷ்யூ பெட்டி. மொழிபெயர்க்க ஹம்சா என்ற மலையாளி. தமிழ் நன்றாகப் புரிகிற ஆள், தொப்பி போட்டவர். பக்கத்தில் உஸ்மான்.

"நான்தான் பாதிரியார். அவர் சமையல்காரர்" என்றேன்.

அதிகாரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஏதோ சொன்னார். ஹம்சா தயங்கி, "அவரு சொல்றாரு, மத்தவனப் பாத்தா பாதிரி அச்சன் மாதிரி உண்டு. உங்களப் பாத்தா ஸ்டோர் கீப்பர் மாதிரி உண்டு" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தால் முகத்திலேயே எழுதிவிடுமா?

"பாதிரியார் என்றால் ஜெபம் பண்ணிக் காட்டட்டும்" என்றார் அதிகாரி.

மூன்று வருடமாக மிக்ஸிச் சத்தத்தில் நின்றவன் நான். கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. பரமண்டல ஜெபம்கூட இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. பிறகு அண்ணாச்சியை நினைத்துக்கொண்டேன். வியாதியஸ்தரில் ஆரம்பித்தேன். விதவைகள், பிரயாணிகள், எங்கள் ஊர்க் குளத்துக்கு மழை, மின்சார வாரியம், ஸ்டோர் தூசி. நாட்டை ஆளுகிறவர்கள். இந்த ஐயாவின் ஜலதோஷம். இந்த இடத்தில் ஹம்சா மொழிபெயர்த்ததும் அதிகாரி, "என்னது?" என்று கேட்டது காதில் விழுந்தது. ஹம்சா திரும்பச் சொன்னார். அதிகாரி ஒரு டிஷ்யூ எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரைதான் நடிப்பு. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, அந்த மூணு பிள்ளைகளுக்கும் வாப்பாவைக் கொடுத்துரும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். மகுதூமை வீட்டுக்கு அனுப்பிரும்" என்று சொல்லிவிட்டேன். பெயரைச் சொல்லிவிட்டேன்! நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன். பாதிரியார் என்று பிடித்து வைத்திருப்பவன் முஸ்லிம் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுமே?

ஹம்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதிகாரி பக்கம் திரும்பி, நிதானமாக அரபியில் ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த அரபிக்கு அதில் தண்ணீர், ஒட்டகம் என்று இரண்டு வார்த்தை வந்தது. நான் ஒட்டகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி கண்ணை மூடி நான் தொடர்ந்தேன். கடைசியில் அதிகாரிதான் மேஜையைத் தட்டினார். "போதும், போதும். வேறு யாரும் இவ்வளவு நேரம் பண்ண முடியாது. இவர் பாதிரியார்தான்."

உஸ்மான் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மகுதூம் வெளியே போய்க்கொண்டிருந்தான். கழுத்தில் அதே துண்டு. திரும்பி என்னைப் பார்த்து நின்றுவிட்டான். உஸ்மான் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். முட்டாள், அழுதுகொண்டே போகிறான், யாராவது பார்த்தால் என்ன ஆகும்?

டிசம்பர் 23, திங்கள்

நாடு கடத்தப்படுகிறவர்களை வைத்திருக்கும் பெரிய கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் காகிதத்தில் தொழில் 'பாதிரியார்' என்று எழுதியிருக்கிறது. காவலன் அதை உரக்கப் படித்தான். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

பிலிப்பைன்காரர்கள் பாதிக் கூடம். எரித்ரியாக்காரர்கள் சிலர். முதலில் ஒரு உயரமான எரித்ரியப் பையன் வந்தான், தெஸ்ஃபாய் என்று பெயர். முழங்கால் போட்டுத் தலை குனிந்து நின்றான். நான் இல்லை என்று கையாட்டினேன். வாசலில் காவலன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையில் கை வைத்தேன். அவன் பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே போனான், அழுதான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. "சரிய்யா, சரிய்யா" என்றேன். எழுந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் வரிசை.

டிசம்பர் 24, செவ்வாய்

வரிசை. சாப்பாட்டில் உப்பு இல்லை. நாளைக்கு ஆராதனை உண்டா என்று சைகையில் கேட்கிறார்கள். உண்டு என்று தலையாட்டித் தொலைத்துவிட்டேன்.

டிசம்பர் 25, புதன்

காலையில் தெஸ்ஃபாய் நேற்றைய ரொட்டியில் ஒன்றைச் சாப்பிடாமல் துணியில் சுற்றி வைத்திருந்து கொண்டுவந்தான். ஒரு கிளாஸில் பால் ஊற்றாத டீ. திருவிருந்துக்கு. குருப்பட்டம் பெறாதவன் திருவிருந்து கொடுத்தான் என்று எங்கள் பேராயருக்குத் தெரிந்தால் அவரும் என்னை நாடு கடத்துவார்.

அந்த நேரத்தில் கூப்பிட்டார்கள். வாசலுக்கு அடுத்த அறையில் பெரிய அதிகாரியும் ஹம்சாவும். அதிகாரிக்கு ஜலதோஷம் குறைந்திருந்தது.

ஹம்சா தாழ்ந்த குரலில் சொன்னார்: "சேட்டா, உங்கட கூட்டுகாரன் இன்னிக்கு விடியக்காலத்து லீவில ஊருக்குப் போயி. ஃபிளைட் மேலே பொங்கி. இனி பயப்பட வேண்டா. நீங்க அச்சன் அல்லன்னு எனக்கறியும். உஸ்மான் அதிகாரிகிட்ட நல்லா பேசியிருக்கு. பாதிரியார் அல்ல, பிறந்தநாள்தான்னு ஒரு ஒப்பு போட்டா இன்னிக்கே ஸ்டோருக்குப் போகலாம். இல்லெங்கில் கோர்ட்டு. அடி உண்டாகும். பின்ன ஊரு. திரும்ப வர முடியில்லா."

மகுதூம் ஊருக்குப் போய்விட்டான். அதைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இனி நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. காகிதம் தயாராக இருந்தது. ஹம்சா பேனாவை நீட்டினார். எனக்குப் பயமாக இருந்தது. முதுகு இப்போதே எரிந்தது. எஸ்தர் என்ன சொல்வாள் என்று நினைத்தேன். ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் நினைத்தேன்.

அதிகாரி ஏதோ கேட்டார். "அவரு கேக்குது," என்றார் ஹம்சா. "அச்சன்தானா, அல்லயா?"

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எல்லோரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெஸ்ஃபாய் மடியில் ரொட்டியோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, பாதிரியார்தான்" என்றேன். "சீக்கிரம் எழுதி முடிக்கச் சொல்லும். உள்ள ஆராதனைக்கு நேரமாச்சு."